டிரம்ஸ் எந்த அறையில் ஒலிக்கிறது?

"இப்போது என்னென்ன ராக் ஆல்பங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்? அவை எப்படி இருக்கின்றன? புதிதாகக் கேட்க வருபவர் எதிலிருந்து தொடங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பட்டியலைச் சொல்லிவிடுகிறேன். லெட் செப்பலினின் நான்காவது ஆல்பம் (1971), நீல் யங்கின் 'டுநைட்ஸ் தி நைட்' (1975), டெலிவிஷன் குழுவின் 'மார்க்கீ மூன்' (1977), டாக் டாக் குழுவின் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' (1988), ஸ்லின்ட் குழுவின் 'ஸ்பைடர்லேண்ட்' (1991), லோ குழுவின் 'டபுள் நெகட்டிவ்' (2018). இந்த ஆறும்தான் இப்போது திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கின்றன.

இவற்றை ஒரே வகையில் அடக்க முடியாது. ஒன்று விளையாட்டு மைதானங்களை நிரப்பிய பெருங்குழுவின் ஆல்பம். இன்னொன்று வெளிவருவதற்குள் கலைந்துபோன நான்கு இளைஞர்களுடையது. ஆனாலும் எல்லாவற்றிலும் என் காது ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது. டிரம்ஸ் எங்கே போடப்பட்டிருக்கிறது, மைக் அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, நடுவில் இருக்கும் காற்று எப்படிப்பட்டது என்பதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு ராக் ஆல்பத்தின் குணத்தை முதலில் தீர்மானிப்பது இந்தத் தொலைவுதான் என்பது என் உறுதியான கருத்து. பாடல் வரிகள், மெட்டு, கிட்டார் எல்லாம் அதற்குப் பிறகு அந்த இடத்துக்குள் வந்து குடியேறுகின்றன.

காரணம் எளியது. மின்கிட்டாரின் ஒலியைக் கம்பி வழியாகவே பதிவு இயந்திரத்துக்குக் கொண்டுபோய்விடலாம். பாடகரைக் கண்ணாடி அறைக்குள் நிறுத்தி, மைக்கை வாயருகே வைத்துவிடலாம். டிரம்ஸ் அப்படி அடங்காது. அடித்த அடி சுவரில் மோதி, கூரையில் மோதித் திரும்பி வந்தே தீரும். திரும்பி வருகிற அந்த ஒலியை உள்ளே விடுவதா, வெளியே நிறுத்துவதா என்று யாரோ ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும். நாம் கேட்பது அந்த முடிவைத்தான்.

திரைப்பாடல் கேட்டு வளர்ந்த நம் காது முதலில் குரலைத் தேடும். நம் பாடல்களில் குரல் முன்னால் நிற்கும்; வாத்தியங்கள் அதற்கு வழிவிட்டு ஒதுங்கும். அதே பழக்கத்துடன் ராக் ஆல்பத்துக்குள் போனால், "என்ன பாடுகிறார் என்றே பிடிபடவில்லை" என்ற ஏமாற்றம்தான் மிஞ்சும். பாடகரைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு டிரம்ஸைப் பிடித்துக்கொண்டு உள்ளே போங்கள். மற்றவை தாமாக வந்து சேரும்.

லெட் செப்பலினின் நான்காவது ஆல்பத்தில் எல்லோரும் சொல்லும் பாடல் வேறு; நான் சுற்றிச் சுற்றி வருவது கடைசிப் பாடலான 'வென் தி லெவி பிரேக்ஸ்'. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீடு இருக்கிறது. 1795இல் ஏழைகளுக்கான காப்பகமாகக் கட்டப்பட்ட, குளிரும் ஈரமும் ஏறிய வீடு. குழு அங்கே தங்கி வாசித்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான நடமாடும் ஒலிப்பதிவு வண்டி வெளியே நின்றது. ஜான் பானமின் டிரம்ஸ் செட்டை நுழைவுக் கூடத்தில், மாடிப்படிகள் தொடங்கும் இடத்தில் போட்டார்கள். ஒலிப்பொறியாளர் ஆண்டி ஜான்ஸ் இரண்டு பெயர்டைனமிக் ரிப்பன் மைக்குகளை மாடியிலிருந்து படிக்கட்டு வெளிக்குள் தொங்கவிட்டார். டிரம்ஸுக்குப் பக்கத்தில், உள்ளே, அடியில் என்று தனித்தனி மைக்குகள் கிடையாது. மேலேயிருந்து இரண்டே மைக்குகள். வந்த ஒலியை, அதன் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரசர் என்ற கருவி வழியாக நெருக்கிப் பிழிந்து, பின்சன் என்ற இத்தாலிய எதிரொலிக் கருவியிலும் செலுத்தினார்கள். பிறகு நாடாவின் வேகத்தையும் குறைத்தார்கள். ஆண்டி ஜான்ஸுக்கு அப்போது இருபது வயதுதான்.

விளைவை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். காலால் அடிக்கும் பெரிய பேஸ் டிரம் விழுகிறது. அது விழுந்த பிறகு கூடம் முழுவதும் மூச்சு வாங்குவது கேட்கிறது. அந்த மூச்சு அடங்குவதற்குள் ஸ்னேர் என்ற சிறிய டிரம்மின் கூரிய அடி விழுகிறது. கோயிலின் கல் மண்டபத்துக்குள் தவில் வாசிக்கும்போது தவிலும் கல்லும் சேர்ந்துதானே ஒலிக்கும், அதேபோல இங்கே பானமும் அந்த வீடும் சேர்ந்து வாசிக்கிறார்கள். அவர் அடிப்பதோ மிக எளிய தாளம். ஏழு நிமிடப் பாடலில் பெரும்பகுதியை அதே தாளத்திலேயே ஓட்டுகிறார், அவசரமே இல்லாமல், ஒவ்வொரு அடியையும் ஒரு நூலிழை தாமதமாக வைத்துக்கொண்டு. கையில் அத்தனை வித்தை இருந்தும் அதைக் காட்டாமல் இருக்கும் பெரிய மனது அது.

பாடலின் உள்ளடக்கத்துக்கும் இந்த ஒலிக்கும் உள்ள பொருத்தம் என்னை ஒவ்வொரு முறையும் அசைக்கிறது. இதன் மூலம் 1929இல் கன்சாஸ் ஜோ மெக்காயும் மெம்ஃபிஸ் மின்னியும் பதிவு செய்த புளூஸ் பாடல். 1927இல் மிசிசிப்பி ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்த பெருவெள்ளத்தைப் பற்றியது. மூலப் பாடல் இரண்டு கிட்டார்களோடு கச்சிதமாக, ஏறக்குறைய துள்ளலோடு போகும். லெட் செப்பலின் அதை வெள்ளமாகவே மாற்றிவிட்டது. பாடகர் ராபர்ட் பிளான்ட்டின் ஹார்மோனிக்காவில் எதிரொலியைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள். ஒலி பிறப்பதற்கு முன்பே அதன் நிழல் வந்துவிடுகிறது. நீர்மட்டம் ஏறுவதைக் காதால் கேட்க முடியுமானால் அது இப்படித்தான் இருக்கும். 1986இல் பீஸ்டி பாய்ஸ் என்ற ஹிப்ஹாப் குழுவினர் தங்கள் முதல் ஆல்பத்தின் முதல் பாடலை இந்த டிரம்ஸை வெட்டி எடுத்து வைத்தே தொடங்கினார்கள். அதன் பிறகு ஹிப்ஹாப் உலகில் இந்தத் தாளம் எங்கெங்கோ போய்விட்டது. மற்றவர்கள் எடுத்துக்கொண்டு போனது தாளத்தை மட்டுமல்ல, அந்தப் படிக்கட்டையும் சேர்த்துத்தான்.

இதே ஆண்டி ஜான்ஸ்தான் என்னை அடுத்த ஆல்பத்துக்குக் கொண்டுபோனார். நியூயார்க்கின் சிபிஜிபி என்ற மதுக்கூடத்தில் வளர்ந்த டெலிவிஷன் குழு தன் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்ய அவரை அமர்த்தியது. அவரும் தான் பேர்பெற்ற முறையிலேயே மைக்குகளை வைத்து, பானமின் ஒலியைப் போன்ற பிரம்மாண்டமான டிரம்ஸ் ஒலியைத் தயார் செய்தார். பாடகரும் கிட்டார் கலைஞருமான டாம் வெர்லெய்ன் அதைக் கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிட்டார். 'மார்க்கீ மூன்' ஆல்பத்தின் அழகு முழுவதும் அந்த மறுப்பில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இதில் அறையே கிடையாது. பில்லி ஃபிக்காவின் டிரம்ஸ் எதிரொலி துடைத்தெடுக்கப்பட்டு, காய்ந்து, நம் முன்னால் ஒரு கை நீட்டும் தொலைவில் ஒலிக்கிறது. ஃபிரெட் ஸ்மித்தின் பாஸ் கிட்டார் தேவைக்கு மேல் ஒரு சுரம் பேசுவதில்லை. இப்படிச் சுத்தமாகப் பெருக்கிவைத்த இடத்தில்தான் வெர்லெய்ன், ரிச்சர்ட் லாய்ட் என்ற இரண்டு கிட்டார்களும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நடக்க முடிகிறது. தலைப்புப் பாடலின் தொடக்கத்தைக் கவனியுங்கள். ஒரு பக்கத்தில் ஒரு கிட்டார் இரட்டைச் சுரத்தைத் தந்தி அடிப்பதுபோல் அடிக்கிறது. மறுபக்கக் கிட்டார் சின்ன நடுக்கத்தோடு பதில் சொல்கிறது. பாஸ் நுழைகிறது. அதற்குப் பிறகே டிரம்ஸ். நான்கு பேரும் நான்கு வெவ்வேறு இடத்தில் கால்வைத்துத் தாளத்தைத் தாங்குகிறார்கள். யாருடைய கால் மீதும் யாரும் மிதிப்பதில்லை.

பத்து நிமிடத்தை எட்டும் இந்தப் பாடலை ஒரே தடவையில் பதிவு செய்தார்கள். ஃபிக்கா அது ஒத்திகை என்று நினைத்துக்கொண்டு வாசித்தார் என்பது இந்த ஆல்பத்தைப் பற்றி நெடுங்காலமாகச் சொல்லப்படுவது. கேட்டால் நம்பத்தான் தோன்றுகிறது. அவர் வாசிப்பில் "இது பதிவாகிறது" என்ற விறைப்பே இல்லை. பாதிக்கு மேல் வெர்லெய்னின் நீண்ட சோலோ, அதாவது தனி வாசிப்பு, வருகிறது. ஒரு சுரவரிசையைப் படிப்படியாக ஏறுகிறார். ஏறி, நின்று, மறுபடியும் ஏறி, எல்லோரும் சேர்ந்து உச்சியில் அடித்து நொறுக்குகிறார்கள். உடைந்த இடத்திலிருந்து பறவைகள் கத்துவதுபோன்ற சின்னச் சின்னக் கிட்டார் ஒலிகள் உதிர்கின்றன. பிறகு தொடக்கத்தில் கேட்ட அதே இரட்டைச் சுரம் திரும்பவும் வருகிறது. முதலில் வந்த இசைத்தட்டில் பாடல் பத்து நிமிடத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே தேய்ந்து மறைந்துவிடும். பின்னால் வந்த மறுவெளியீட்டில் முழு முடிவும் இருக்கிறது. முழுமையான வடிவத்தையே கேளுங்கள்.

ஆல்பம் முழுவதும் இந்த உயரத்தில் இருக்கிறதா என்றால், இல்லை. கடைசிப் பாடலான 'டோர்ன் கர்ட்டன்' எனக்குக் கொஞ்சம் இழுவைதான். ஆனால் 'வீனஸ்', 'எலிவேஷன்' இரண்டும் எத்தனை முறை கேட்டாலும் பழகிப்போவதில்லை. அமெரிக்காவில் இந்த ஆல்பம் விற்கவில்லை. பிரிட்டனில்தான் விற்பனைப் பட்டியலின் முதல் முப்பது இடங்களுக்குள் நுழைந்தது. வெர்லெய்ன் 2023 ஜனவரியில் காலமானார். அந்தச் செய்திக்குப் பிறகு கேட்கும்போது சோலோவின் அந்த ஏற்றம் வேறு மாதிரித்தான் விழுகிறது காதில்.

நீல் யங்கின் 'டுநைட்ஸ் தி நைட்' ஆல்பத்தை எல்லா நாளும் கேட்க முடியாது. கேட்கவும் கூடாது என்றே சொல்வேன். 1972 நவம்பரில் அவருடைய துணைக்குழுவான கிரேசி ஹார்ஸின் கிட்டார் கலைஞர் டேனி விட்டன் இறந்தார். 1973இல் கச்சேரிப் பொருள்களைக் கையாண்ட உதவியாளர் புரூஸ் பெர்ரி இறந்தார். இரண்டுமே போதைப் பழக்கம் கொண்டுபோன இளம் உயிர்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் யங் மிச்சமிருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு ஹாலிவுட்டில் ஓர் ஒத்திகைக் கூடத்துக்குள் போனார். ஸ்டுடியோ அல்ல, வாத்தியங்களை வாடகைக்கு விடும் நிறுவனத்தின் கூடம். புரூஸ் பெர்ரியின் சகோதரர் நடத்தியது. ஒலிப்பதிவு வண்டி வெளியே நின்றது. நள்ளிரவு தாண்டிக் குடித்துக்கொண்டே, ஒன்றாக உட்கார்ந்து வாசித்தார்கள். பிழைகளைத் திருத்தவில்லை.

இங்கே அறை இருக்கிறது. ஆனால் அது ஹெட்லி கிரேஞ்சின் கம்பீரமான கூடம் அல்ல. ரால்ஃப் மொலினாவின் டிரம்ஸ் மற்ற மைக்குகளுக்குள் எல்லாம் கசிகிறது. யங் பாடிக்கொண்டே மைக்கைவிட்டு நகர்ந்துவிடுகிறார். குரல் திடீரென்று தொலைவுக்குப் போய், மறுபடியும் மிக அருகில் வந்து மோதுகிறது. 'மெல்லோ மை மைண்ட்' பாடலில் உயர்ந்த சுரத்தைப் பிடிக்கப் போன குரல் அப்பட்டமாக உடைகிறது. வேறு எந்தப் பாடகரும் அதை அழித்துவிட்டுத் திரும்பப் பாடியிருப்பார். அவர் அப்படியே விட்டார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் விடியும்வரை கலையாமல் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்குள் நாமும் உட்கார்ந்திருக்கிறோம்.

ஆல்பத்தின் நடுவே ஒரு பாடலில் டேனி விட்டனே பாடுகிறார். 1970இல் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் நடந்த கச்சேரியின் பதிவு அது. உற்சாகமான பாடல், முறுக்கேறிய குரல். ஆல்பத்திலேயே மிகவும் உயிரோட்டமான குரல் இறந்துவிட்டவருடையது என்பதைத் தாங்கிக்கொள்ளச் சிறிது நேரம் ஆகிறது. ஆல்பம் வெளியாக 1975 ஜூன் வரை ஆனது. தலைப்புப் பாடல் தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் வேறு வடிவில் ஒரு முறையும் வருகிறது. இரண்டாவது வடிவம் இன்னும் கரடுமுரடானது. துக்கம் ஆறியதாகக் காட்டிக்கொள்ளாத அந்த நேர்மைக்காகவே இந்த ஆல்பத்தை மதிக்கிறேன்.

இனி 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்'. ஆறில் ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

டாக் டாக் லண்டன் குழு. 1980களின் தொடக்கத்தில் சிந்தசைசர் ஒலி நிறைந்த பாப் பாடல்களால் ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்றது. 1986இல் வந்த 'தி கலர் ஆஃப் ஸ்பிரிங்' நன்றாக விற்றது. அந்த வெற்றி கொடுத்த பணத்தையும் சுதந்திரத்தையும் எடுத்துக்கொண்டு பாடகர் மார்க் ஹாலிஸும் தயாரிப்பாளர் டிம் ஃபிரீஸ்-கிரீனும் 1987இல் லண்டனின் வெசெக்ஸ் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தார்கள். முன்பு தேவாலயத்தைச் சேர்ந்த மண்டபமாக இருந்த கட்டடம் அது. ஒலிப்பொறியாளர் ஃபில் பிரவுன். விளக்குகளை அணைத்துவிட்டார்கள். எண்ணெய் வண்ணங்கள் சுவரில் ஊரும் புரொஜெக்டரும் மின்னி மின்னி அணையும் விளக்கும் மட்டும். வெளியிலிருந்து கலைஞர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள்: வயலின் கலைஞர் நைஜல் கென்னடி, டபுள் பாஸ் வாசிக்கும் டேனி தாம்ப்சன், டிரம்பெட் கலைஞர் ஹென்றி லௌதர், ஹார்மோனிக்கா வாசிக்கும் மார்க் ஃபெல்தம். இருட்டில், தோன்றியதை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்ததில் மிகப் பெரும்பகுதியை அழித்தார்கள். மணிக்கணக்கான வாசிப்பிலிருந்து சில நொடிகளை மட்டும் பொறுக்கி எடுத்து, வைக்க வேண்டிய இடத்தில் வைத்தார்கள். இரண்டு சுரம் வாசிப்பதற்கு முன்னால் ஒரு சுரத்தை வாசிக்கக் கற்க வேண்டும், காரணமில்லாமல் அந்த ஒன்றையும் வாசிக்கக் கூடாது என்ற பொருளில் ஹாலிஸ் பிற்காலத்தில் ஒரு பேட்டியில் பேசியிருக்கிறார். இந்த ஆல்பத்தைக் கேட்டவருக்கு அது வெறும் பேச்சாகத் தோன்றாது.

ஆறே பாடல்கள். முதல் மூன்றும், அதாவது 'தி ரெயின்போ', 'ஈடன்', 'டிசையர்', இடைவெளி இல்லாமல் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கரைந்து ஏறத்தாழ இருபத்துமூன்று நிமிடம் ஓடுகின்றன. தொடக்கத்தில் டிரம்பெட் ஒன்று பனிமூட்டத்தில் தனியே நிற்கிறது. கம்பி வாத்தியங்கள் லேசாக உரசுகின்றன. சில நிமிடங்களுக்குத் தாளமே கிடையாது. பிறகு லீ ஹாரிஸின் டிரம்ஸ் வருகிறது, எங்கோ அறையின் மறுகோடியிலிருந்து. அவர் அடிப்பது மென்மையான அடி. நமக்கும் அவருக்கும் நடுவில் இருக்கும் வெறும் தரை முழுவதும் கேட்கிறது. ஹெட்லி கிரேஞ்சில் தொலைவு டிரம்ஸைப் பெரிதாக்கியது. இங்கே அதே தொலைவு டிரம்ஸைத் தனிமைப்படுத்துகிறது. மைக்கைத் தள்ளி வைப்பது என்ற ஒரே செயல் இரண்டு இடத்தில் இரண்டு எதிரெதிர் உணர்ச்சிகளைத் தருகிறது. அந்தக் கூடத்தில் பானம் ஓங்கி அடித்தார். இந்த இருட்டில் ஹாரிஸ் தொட்டுவிட்டு விலகுகிறார்.

'டிசையர்' பாடலில் வெகுநேரம் அடங்கிக் கிடக்கும் ஒலி ஓர் இடத்தில் வெடிக்கிறது. கிட்டாரும் ஹார்மோனிக்காவும் தாள வாத்தியங்களும் ஒரே நேரத்தில் பொங்கி, சில நொடிகளில் அடங்கிவிடுகின்றன. அந்த வெடிப்பு மட்டும் தனியாக இருந்திருந்தால் சாதாரண ராக் பாடலின் உச்சம்தான். அதற்கு முன்னால் இருக்கும் அத்தனை நிமிட அமைதியும் சேர்ந்தே அதை நெஞ்சில் இறக்குகிறது. ஐந்தாவது பாடலான 'ஐ பிலீவ் இன் யூ' ஹெராயின் அடிமைத்தனத்தைப் பற்றியது. யாரையும் கண்டிக்காமல், யாருக்கும் அறிவுரை சொல்லாமல், ஏறக்குறைய பிரார்த்தனையாகப் பாடுகிறார். செம்ஸ்ஃபோர்ட் தேவாலயப் பாடகர் குழு பின்னால் மெல்ல எழுகிறது. ஹாலிஸின் வாய் வார்த்தைகளைத் தெளிவாக உச்சரிப்பதில்லை. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. சொல்லுக்கு முன்பே உணர்ச்சி வந்து சேர்ந்துவிடுகிறது.

இசைத்தட்டை வெளியிட்ட இஎம்ஐ நிறுவனத்துக்கு இதை எப்படி விற்பது என்று தெரியவில்லை. ஒப்பந்தம் நீதிமன்றம்வரை போய், குழு வேறு நிறுவனத்துக்கு மாறி, 1991இல் 'லாஃபிங் ஸ்டாக்' என்ற இன்னும் கடினமான, இன்னும் அழகான ஆல்பத்தைக் கொடுத்துவிட்டுக் கலைந்தது. ஹாலிஸ் 1998இல் தன் பெயரில் ஓர் ஆல்பம் வெளியிட்டார். பிறகு இசையுலகை விட்டு விலகிக் குடும்பத்தோடு இருந்துவிட்டார். 2019 பிப்ரவரியில், 64 வயதில் மறைந்தார்.

ஸ்லின்ட் குழுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரத்து இளைஞர்கள். இருபது வயதை ஒட்டியவர்கள். 1990 ஆகஸ்டில் சிகாகோவில் சில நாள்களில் ஆறு பாடல்களைப் பதிவு செய்தார்கள்; 1991 மார்ச்சில் ஆல்பம் வருவதற்குள் குழு இல்லை. உறையின் முன்பக்கத்தில் கல்குவாரித் தண்ணீருக்கு மேல் நான்கு தலைகள் மட்டும் தெரியும் படம். எடுத்தவர் பாடகர் வில் ஓல்டம். ஒலிப்பொறியாளர் ஸ்டீவ் ஆல்பினி 'மெலடி மேக்கர்' இதழில் இதற்குப் பத்துக்குப் பத்து கொடுத்து எழுதினார்.

பாட்டு என்று அதிகம் இல்லை. பிரையன் மெக்மஹன் பெரும்பாலும் பேசுகிறார், சில இடங்களில் காதருகே வந்து கிசுகிசுக்கிறார். இந்த ஆல்பத்தில் ஒலிப்பொறியாளர் பிரையன் பால்சன் எந்த அலங்காரமும் செய்யவில்லை. டிரம்ஸ் இருந்தபடி இருக்கிறது. அதனால்தான் அது இல்லாமல் போகும் இடம் அடிவயிற்றில் தெரிகிறது. 'டான், அமன்' பாடலில் டிரம்ஸே கிடையாது. விருந்தில் பொருந்த முடியாமல் வெளியே வந்து நிற்கும் ஒருவனைப் பற்றி, டிரம்ஸ் வாசிக்கும் பிரிட் வால்ஃபோர்டே தன் கட்டைகளைக் கீழே வைத்துவிட்டுத் தணிந்த குரலில் பேசுகிறார். தாளம் சொல்ல ஆள் இல்லாத கிட்டார்கள் தாமே வேகம் கூடிக் குறைகின்றன. கடைசிப் பாடலான 'குட் மார்னிங், கேப்டன்' கப்பல் உடைந்து கரையொதுங்கிய மாலுமியின் கதை. முடிவில் அதுவரை முணுமுணுத்த குரல் பிரிவின் துயரத்தைச் சொல்லும் ஒரே வரியைத் தொண்டை கிழியக் கத்துகிறது. இரவில் தனியாகக் கேட்பவர்கள் அதற்குத் தயாராக இருந்துகொள்வது நல்லது.

கடைசியாக லோ. மின்னசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரைச் சேர்ந்த ஆலன் ஸ்பார்ஹாக், மிமி பார்க்கர் என்ற கணவனும் மனைவியும் நடத்திய குழு. பார்க்கர் டிரம்ஸை நின்றுகொண்டே வாசிப்பார். பெரிய செட் கிடையாது. ஓரிரு டிரம், ஒரு சிம்பல், பெரும்பாலும் கட்டைக்குப் பதிலாக மெல்லிய கம்பிகளாலான தூரிகை. 1994இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் அந்தத் தூரிகை ஸ்னேரின் தோலை உரசும் ஒலிதான் பெரும்பாலும் தாளம். ராக் இசையில் இவ்வளவு குறைவாக அடித்து இவ்வளவு நிறைவாக ஒலித்தவர் வேறு யாரும் எனக்கு நினைவில் வரவில்லை.

அதை அறிந்துகொண்டு 'டபுள் நெகட்டிவ்' ஆல்பத்துக்கு வந்தால் அதிர்ச்சியாக இருக்கும். தயாரிப்பாளர் பி.ஜே. பர்ட்டனோடு சேர்ந்து தங்கள் பாடல்களைத் தாங்களே சிதைத்திருக்கிறார்கள். முதல் பாடலான 'கோரம்' கொரகொரவென்ற மின் இரைச்சலில் தொடங்குகிறது. குரல் எழும்போதெல்லாம் இரைச்சல் அமுங்குகிறது, குரல் ஓயும்போது மறுபடியும் வீங்கி வருகிறது. ஒலிபெருக்கி பழுதாகிவிட்டதோ என்று எழுந்துபோய்ப் பார்க்கத் தோன்றும். டிரம்ஸ் இருந்த இடத்தில் ஒரு துடிப்பு மட்டும் மிச்சம். அறை இல்லை, சுவர் இல்லை, தரை இல்லை. மற்ற ஐந்து ஆல்பங்களிலும் யாரோ ஒருவர் எங்கோ ஓர் இடத்தில் உட்கார்ந்து அடிக்கிறார் என்று சொல்லிவிடலாம், இதில் முடியாது. அந்த அழிவுக்குள்ளிருந்து இரண்டு பேரும் சேர்ந்து பாடும் குரல் மட்டும் கலையாமல் வருகிறது. 'ஃபிளை' பாடலில் பார்க்கரின் குரல் மேலே எழும்பி நிற்கும் இடம் இந்த நூற்றாண்டின் ராக் இசை எனக்குத் தந்த பெரிய கொடைகளில் ஒன்று. பார்க்கர் 2022 நவம்பரில் புற்றுநோயால் இறந்தார். லோ என்ற பெயர் அத்துடன் முடிந்தது.

எதிலிருந்து தொடங்கலாம் என்பதற்குப் பதில்: 'மார்க்கீ மூன்'. ஒலி தெளிவானது, யார் எதை வாசிக்கிறார்கள் என்பதை எளிதில் பிரித்தறியலாம், தலைப்புப் பாடலை மட்டும் இரண்டு முறை, ஒரு முறை டிரம்ஸுக்காகவும் ஒரு முறை இடப்பக்கக் கிட்டாருக்காகவும், கேளுங்கள். அடுத்து 'வென் தி லெவி பிரேக்ஸ்'. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே பொறியாளரின் கையில் டிரம்ஸ் எப்படி இரண்டு வேறு உயிர்களாகிறது என்பது தெரிந்துவிடும். நீல் யங்கையும் ஸ்லின்ட்டையும் இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். லோவுக்கு வரும்போது அவர்களுடைய முதல் ஆல்பத்தை முதலில் கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் எது சிதைக்கப்பட்டிருக்கிறது என்பது பிடிபடாது.

'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' ஆல்பத்துக்கு மட்டும் சில நடைமுறைக் குறிப்புகள். பஸ்ஸிலோ காரிலோ கேட்காதீர்கள். தொடக்க நிமிடங்கள் எஞ்சின் சத்தத்தில் காணாமல் போய்விடும். கைபேசிச் செயலியில் எல்லாப் பாடல்களையும் ஒரே உரப்பில் நிறுத்தும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். வரிசை மாற்றிப் போடும் வசதியையும் அணையுங்கள். தொடக்கத்தில் ஒலி தாழ்ந்திருக்கிறதே என்று வால்யூமைக் கூட்டத் தோன்றும். கூட்டாதீர்கள். பதினாறு, பதினேழு நிமிடத்துக்கு மேல் 'டிசையர்' வரப்போகிறது.